கீழக்கரையா, கிலக்கரையா?

இராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் நம் இளைஞர் ஒருவர், “கிலக்கரைக்கு வண்டி எப்போது?” என்று வினவக் கேட்டேன். அவர் வெளிநாட்டினரல்லர்; நன்கு தமிழறிந்தவரே. ஆங்கிலப் பலகையைப் படித்து, அதையே தம் நாவில் ஏற்றிக்கொண்டவர். இவ்வாறே தொண்டி ‘தோண்டி’ ஆகிறது. ஏர்வாடி ‘எர்வாடி’ ஆகிறது. பாம்பன் ‘பம்பன்’ ஆகிறது.

“ஊர் போய்ச் சேர்ந்தால் போதாதா? பெயரை எப்படிச் சொன்னால் என்ன?” என்பர் சிலர். இதே அன்பர்கள் தம் பிள்ளைகளை ஓதும் பள்ளிக்கு அனுப்பும்போது, “தஜ்வீது சரியாகச் சொல்லிக் கொடுங்கள், ஹஜ்ரத்” என்று வேண்டுகிறார்கள். காஃப் என்னும் எழுத்தை அடித்தொண்டையிலிருந்து எழுப்பாவிடில், இதயத்தைக் குறிக்கும் கல்பு நாயைக் குறிக்கும் கல்பாகிவிடும் என்பதை அறிந்தோர் இவர்கள். கீழைக் கரை என்னும் பொருளை ழகரம் தாங்கி நிற்பது மட்டும் இவர்களுக்குப் பொருட்டில்லை!

பதினான்காம் நூற்றாண்டில் மஅபர்க் கரைக்கு வந்த இப்னு பதூதா, துறைமுகப் பட்டினமொன்றை ‘ஃபத்தன்’ என்றெழுதினார். அரபியில் பகரம் இல்லை, அவர்மீது குற்றமில்லை. ஆனால் நம் முன்னோர் அத்தோடு நின்றார்களா? அரபு எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டி, ப, ட, ண முதலிய ஒலிகளுக்குத் தனி வடிவம் சமைத்து அரபுத்தமிழைப் படைத்தார்கள். தமிழொலி சிதையலாகாது என்பதற்காக எழுத்தையே திருத்தியவர்களின் பேரர், இன்று எழுத்துக்காக ஒலியைத் திருத்துகின்றனர்.

அரசும் முயன்று பார்த்தது. 2020 ஜூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்பையொட்டி மாற்றி அறிவித்து, சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. லகர, ளகர, ழகரம் மூன்றுக்கும் ஒரே ‘எல்’லைக் கொண்டு தடுமாறும் எழுத்தில் எத்தனை கூட்டினாலென்ன! அதே பலகையில் தமிழும் இருக்கிறதே. கண் ஏன் முதலில் அங்கே செல்வதில்லை?

இக்கரையில் மீனவரும் மூதாட்டியரும் பலர் ‘கீளக்கரை’ என்பர். அதனை நான் பிழையென்று சொல்லேன். அது செவிவழி வந்த பேச்சு. நெடிலும் அழுத்தமும் அதில் குன்றவில்லை. பயணி அவர்களிடம் கேட்டுச் சொன்னால் போதும்.

1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியின் இரயில் நிலையத்தையும் வீடுகளையும் கொண்டுபோயிற்று. மிஞ்சியவை சில இடிந்த சுவர்களும் அப்பெயரும். அதையும் ‘தனுஸ்கொடி’ என்று ஒருவர் சொல்லக் கேட்டாயிற்று.