கல் எடுத்த குழிக்குக் குடிவரும் பறவைகள்

மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலையில், அருப்புக்கோட்டையைத் தாண்டினால் பந்தல்குடி வரும். சிமென்ட் செய்யத் தேவையான சுண்ணாம்புக்கல் அந்த வட்டாரத்தில் கிடைக்கிறது. ராம்கோ சிமென்ட்ஸ் நிறுவனத்தின் சுரங்கம் அங்கே உள்ளது. கல் எடுத்து முடித்த பகுதியில் மரம் வளர்த்துப் பூங்காவும் அமைத்திருக்கிறார்கள்.

நல்ல காரியம்தான், குழந்தைகளே! ஆனால், மரம் நட்டதும் பறவைகள் எல்லாம் வந்துவிடுமா?

குழியில் மழைத் தண்ணீர் தேங்கும். திருச்சுழி, அருப்புக்கோட்டை போன்ற வறண்ட சீமையில் தண்ணீரைக் கண்டாலே பறவைகளுக்குக் கொண்டாட்டம்! ஆனால் கொக்கும் உள்ளானும் நீரில் நின்றுதான் இரை தேடும். கரை செங்குத்தாக இருந்தால் கால் வைக்க இடமேது? முங்கி மீன் பிடிக்கும் முக்குளிப்பான் மட்டும் சமாளித்துவிடும். (வேலியில்லாத பழைய குவாரியில் நீங்கள் குளிக்க இறங்கிவிடாதீர்கள். ஓரத்திலேயே ஆளை மூழ்கடிக்கும் ஆழம் இருக்கும்.) ஒரு பக்கக் கரையைச் சரிவாக்கினால் கொக்குக்கும் இடம் கிடைக்கும்.

அப்படியானால் எல்லாப் பக்கமும் சரித்துவிடலாமே என்கிறீர்களா? கூடாது! சென்னையை அடுத்த நன்மங்கலம் காப்புக்காட்டில் கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று உண்டு. அதன் பாறைச் சுவர்தான் கொம்பன் ஆந்தையின் வீடு. இந்த ஆந்தை கூடு கட்டாது. பாறை விளிம்பில் அப்படியே முட்டையிடும். எலிகளைப் பிடித்துத் தின்பதால் உழவர்களுக்கு நண்பன். சுவரை இடித்துக் குழியை மூடினால் அது எங்கே போகும்? மண் சுவராக இருந்தால் பஞ்சுருட்டானும் மீன்கொத்தியும் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும்.

மரத்திலும் ஒரு சங்கதி இருக்கிறது. வானம்பாடியும் ஆள்காட்டியும் வெட்டவெளித் தரையில் முட்டையிடுபவை. கவுதாரிக்குப் புல்லும் முட்புதரும் வேண்டும். இவை எல்லாம் நம் கரிசல் காட்டுப் பறவைகள். நெருக்கமாக மரம் நட்டால் முதலில் கிளம்புவது இவைதான்.

டெல்லிக்கு அருகே குருகிராமில், கல் உடைத்துப் பாழான சுமார் 390 ஏக்கர் நிலத்தை 2010 முதல் சீராக்கினார்கள். கண்ட மரத்தையும் நடாமல், ஆரவல்லி மலைக்கே உரிய செடிகளையும் மரங்களையும் தேடி வளர்த்தார்கள். இப்போது அங்கே ஏறத்தாழ 200 வகைப் பறவைகள்! காப்புக்காடாகவோ சரணாலயமாகவோ இல்லாமலே இயற்கையைக் காக்கும் இடம் என்ற அங்கீகாரம், இந்தியாவிலேயே முதலாவதாக 2022-ல் அதற்குக் கிடைத்தது.

சுரங்கம் வெட்டுகிறவர்கள், கல் எடுத்து முடித்தபின் நிலத்தை என்ன செய்வோம் என்று அரசிடம் திட்டம் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். எத்தனை மரம் என்ற கணக்கோடு ஒரு பாறைச் சுவர், ஒரு சரிவுக் கரை, கொஞ்சம் பொட்டல் என்றும் அதில் எழுதலாம். செலவும் அதிகமில்லை.