உக்குதலும் உதிர்தலும்

சென்ற மாதம் மாணவனொருவனின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தேன். கடையிற் கொடுத்த சொப்பிங் பையைப்பற்றி, "வெயிலிற் கிடந்தால் உக்கிவிடும்" என்று எழுதியிருந்தான். பையின்மேல் அவ்வாறே அச்சிட்டிருந்ததாம். 'உக்கிவிடும்' என்பதை வெட்டி 'உதிர்ந்துவிடும்' என்று எழுதினேன். "ஐயா, இதில் இலக்கணப் பிழை யாது?" என்றான். "இலக்கணப் பிழையன்று, பொருட்பிழை" என்றேன்.

வாழையிலை எருக்குழியிற் கிடந்து உக்குகின்றது. நுண்ணுயிர்கள் அதனைத் தின்று மண்ணாக்குகின்றன. பொலித்தீனோ நொறுங்கித் துகளாகின்றது, துகளும் பொலித்தீனே. இங்ஙனம் உதிரும்படி மருந்து சேர்த்த பிளாஸ்டிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் விதி செய்து விலக்கியது. 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்த கப்பல் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகளை ஏற்றிவந்தது. மேற்குக் கரையில் அவை மணலை மூடிக் கிடந்ததைக் கண்டவர்க்கு இவ்விரு சொல்லின் வேறுபாட்டை நான் விளக்க வேண்டுவதில்லை.

உண்மையிலேயே உக்கும் பிளாஸ்டிக்கு ஒன்று உண்டு. 1926இல் பாரிஸ் பாஸ்தர் நிறுவனத்தைச் சேர்ந்த மோரிஸ் லெமுவான் அதனை மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவின் உடலினுள்ளே கண்டறிந்தார். பொலிஐதரொட்சிபியூற்றிரேற்று என்பது அதன் பெயர். (என் நாவுக்கு இது சற்று இடறுகின்றது.) இனிப்பு மிகுந்து நைதரசன் போன்றவை குறையும்போது, நாம் கொழுப்பைச் சேர்ப்பதுபோல, அவ்வுயிர் இதனை மணிமணியாகச் சேமிக்கின்றது. உணவாகப் பிறந்த பொருளாதலால் மண்ணிலும் கடலிலும் அதனை உண்ணும் உயிர்கள் இருக்கின்றன.

1990இல் ஜெர்மனியில் இவ்வினப் பிளாஸ்டிக்காற் செய்த சம்பூப் போத்தல் விற்பனைக்கு வந்தது. ஆயினும் விலை அதனை வீழ்த்தியது. வேற்றுக் கிருமி புகாவண்ணம் கலமனைத்தையும் நீராவியால் அவித்தெடுக்கும் செலவும் அவ்விலையிற் பெரும் பங்கு.

இங்கேதான் உப்பு துணைக்கு வருகின்றது. மாங்காயை உப்பிலிட்டு வைத்த என் ஆச்சிக்கு இதன் சூத்திரம் தெரியும். பீஜிங் சிங்குவா பல்கலைக்கழகத்துச் சென் குவோசியாங்கின் குழுவினர், சிங்சியாங்கிலுள்ள ஐதிங்கோல் உப்பேரியில் எடுத்த ஹலோமோனஸ் என்னும் பற்றீரியாவை உவரும் காரமும் மிக்க நீரில் வளர்த்தனர். பிற கிருமிகள் அந்நீரில் தழைப்பதில்லை. அவித்துத் தூய்மையாக்காமலே பதினான்கு நாள் தொடர்ந்து வளர்த்ததை 2011இல் வெளியிட்டனர்; உலர்ந்த உடல்நிறையில் 70 வீதம்வரை பிளாஸ்டிக்கு இருந்தது. ஸ்பெயினின் அலிக்காந்தே உப்பளத்து ஹலோஃபெராக்ஸ் இன்னும் விந்தையானது. (அறிஞர் இதனைப் பற்றீரியாவென்னாது ஆர்க்கியா என வேறு பிரிப்பர்.) நன்னீரில் இட்டவுடன் அது வெடித்துத் தன் சேமிப்பைக் கொட்டிவிடும், பிரித்தெடுக்கும் வேலை எளிதாகின்றது.

எனக்கு இதில் ஒரு மனக்குறையும் உண்டு. இவ்வுயிர்களுக்கு ஊட்டுவது பெரும்பாலும் சீனியே. மனிதர் உண்ணத்தக்கதைப் பைக்காகச் செலவிடுதல் எனக்கு உடன்பாடன்று. பாற்கட்டி செய்தபின் எஞ்சும் நீரை ஊட்டி ஹலோஃபெராக்ஸை வளர்த்துள்ளனர், அவ்வழியே செல்லத்தக்கது.

இன்னொன்று. இப்பிளாஸ்டிக்கும் தடித்திருந்தால் மெல்லவே உக்கும். குளிர்ந்த ஆழ்கடலில் இன்னும் மெல்ல. ஆதலால் 'உக்கும்' என்னும் ஒரு சொல்லை மட்டும் அச்சிட எவரையும் விடலாகாது. எங்கே, எத்தனை நாளில் உக்கும் என்பதையும் அருகே எழுதுமாறு வணிகரைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.