பேர் வெட்டிய பிறகுதான் நியாயமா?

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடாகப் போகும் கலஹா வீதி, ஹிந்தகலையைத் தாண்டித் தேயிலை மலைகளுக்குள் ஏறுகிறது. அதன் அடிவாரத்தில் ஒரு மாணவருக்கோ பல்கலைக்கழக ஊழியருக்கோ பகிடிவதையால் மனவேதனையோ அச்சமோ உண்டாக்கினால், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம்; இரண்டு ஆண்டுவரை சிறை. உடலில் காயம் இருக்கவேண்டியதில்லை. அதே வீதியின் மேல்முனையில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு பெண்ணைக் கூசும்படி ஏசி, நிறை போதாதென்று அரைநாள் சம்பளமாக அரைப்பேர் போட்டால், அந்த ஏச்சை மட்டும் வைத்து வழக்காட எந்தப் பிரிவும் நேராகக் கைகொடுப்பதில்லை.

தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டு, வேலைத்தலத்தில் அதிகாரத்தில் இருப்பவரின் பாலியல் தொந்தரவை, அது வார்த்தையாக இருந்தாலும், குற்றமாக்கியது. பாலியல் சாயல் இல்லாத இழிவுபடுத்தல் அதற்குள் அடங்காது. மிஞ்சுவது 1950ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம். நெருக்கிநெருக்கி ஒருவரை வெளியேறச் செய்வதும் வேலைநீக்கமே என்று நம் நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். ஆனால் பதிவிலிருந்து பேர் வெட்டப்பட்டு வேலை போன பிறகுதான் அந்தக் கதவு திறக்கும். ஆத்திரத்தில் வெளியேறினாலோ, "தானாகவே போய்விட்டார்" என்று முகாமைத்துவம் சொல்லும். நெருக்கப்பட்டதை நிரூபிப்பது தொழிலாளியின் தலையில் விழும். அதனால் சட்டத்தரணியாக நான் பெரும்பாலும் சொல்லும் ஆலோசனை, "அவசரப்பட்டு வேலையை விட்டு நிற்காதீர்கள்" என்பதுதான். கண்டி நகரக் கடை ஊழியர் வேலையை விட்டால் சம்பளம் போகும். தோட்டத்தில் குடியிருக்கும் லயக் காம்பராவும் கேள்விக்குள்ளாகும்.

வேலையில் இருக்கும்போதே தொழிற்சங்கத்தின் ஊடாகத் தொழில் ஆணையாளரிடம் பிணக்கை எழுப்பலாமே என்பது நியாயமான மறுப்பு. எழுப்பலாம். சம்பளத்துக்கு எழுப்புகிறார்கள்; ஒருத்தி பட்ட அவமானத்துக்கு எழுப்பிய சங்கங்கள் குறைவு. சங்கத் தலைவர் தோட்ட ஆபிசுக்குப் போய், முறைப்பாடு கேட்கும் 'லேபர் டே'யில் பேசித் தீர்க்கும் வழக்கத்துக்குப் பின்பலமாக இருந்த கூட்டு ஒப்பந்தமும் 2021இல் முடிந்துபோனது.

பகிடிவதைச் சட்டத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவரச் சொல்கிறேனா? இல்லை. குற்றவியல் சட்டம் முதலில் பிடிப்பது, கிலோக் கணக்குக்குத் தானும் ஏச்சு வாங்கும் கங்காணியைத்தான். இலக்கை நிர்ணயித்த அலுவலகம் தப்பிவிடும். வேலை வாங்கும் கண்டிப்பெல்லாம் கொடுமையுமல்ல. எனக்குத் தேவை, வேலையில் இருந்தபடியே முறையிடும் உரிமை, குறித்த நாளுக்குள் எழுத்துமூல விசாரணை, அதுவரை பேர் வெட்டவோ வேலை செய்யும் மலையை மாற்றவோ தடை. மனத்துக்கு ஏற்படும் தீங்கையும், ஒரேயொரு தடவை நடந்தாலும், வேலைத்தல வன்முறைக்குள் சேர்த்திருக்கிறது சர்வதேசத் தொழில் அமைப்பின் 2019ஆம் ஆண்டின் 190ஆம் சமவாயம். நம் சட்டத்துக்கும் அந்த அளவு போதும்.

ஏச்சுக்குச் சாட்சியேது என்பார்கள். இன்றுள்ள தொழில் நியாய சபையே சான்றுக் கட்டளைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. பக்கத்து நிரையில் நின்றவளின் வாய்மொழியை அது நிதானித்துக் கேட்கலாம். எழுத்துச் சான்றும் இருக்கிறது, கம்பனியின் கையிலேயே. முறையிட்ட நாளுக்கு முன்னும் பின்னும் அவளுக்கு எத்தனை அரைப்பேர் விழுந்தது என்பதைச் செக்ரோல் எனும் வேலைப் பதிவேடு காட்டும்.