முதுமைத் தளர்ச்சியை இரத்தம் சொல்லுமா?



“வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்” என்று வீட்டுப் பெரியவர்களின் சோர்வை நாம் ஒதுக்கிவிடுகிறோம். முதுமை வேறு, முதுமைத் தளர்ச்சி வேறு. தளர்ச்சியுற்றவரைச் சிறு காய்ச்சலும் படுக்கையில் வீழ்த்திவிடும். ஒருமுறை வழுக்கி விழுந்தால் மீண்டும் நடமாடுவதே அரிதாகலாம்.

இதனை இரத்தப் பரிசோதனையால் முன்கூட்டியே அறிய இயலுமா என ஆய்வாளர்கள் தேடி வருகின்றனர். தளர்ந்தோர் பலரின் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6, சி.ஆர்.பி. ஆகியவை மிகுந்தும், ஹீமோகுளோபின், வைட்டமின் டி ஆகியவை குறைந்தும் காணப்படுகின்றன. ஆயினும் வேறு நோய்களிலும் இவை மாறக்கூடியவை. ஆகவே, தளர்ச்சியைத் தனித்து உறுதி செய்யும் இரத்தப் பரிசோதனை இன்னும் வழக்கத்திற்கு வரவில்லை.

அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரீட் குழுவினர் 2001-இல் ஐந்து அடையாளங்களை வகுத்தனர்: முயலாமலே எடை குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடி வலுவிழத்தல், நடை மெதுவாதல், நடமாட்டம் சுருங்குதல். இவற்றுள் மூன்று இருப்பின் தளர்ச்சி எனக் கொள்வர்.

மேல்சித்தாமூர் போன்ற சிற்றூர் வீட்டிலும் இவற்றுட் பலவற்றைக் கருவியின்றியே கவனிக்கலாம். வழக்கமான நடையில் 4 மீட்டரைக் கடக்க உங்கள் தாயாருக்கு 5 விநாடிக்கு மேலாகிறதா? தொழுகையில் ஸஜ்தாவிலிருந்து எழ முன்பில்லாத தடுமாற்றமா? செஞ்சிக்கோ திண்டிவனத்துக்கோ அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்போது இரத்தப் பரிசோதனையும் பயன்படும். ஹீமோகுளோபின் ஆணுக்கு 13 கிராமுக்கும் பெண்ணுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை. அதுவும் தைராய்டு, சர்க்கரைக் கோளாறுகளும் சிகிச்சைக்கு உட்பட்டவையே. மருத்துவரின் ஆலோசனைப்படி முட்டை, மீன், பருப்பு கொடுங்கள். நாள்தோறும் நடக்கவும், நாற்காலியிலிருந்து எழுந்தமரவும் பழக்குங்கள். தொடக்கத்தில் கண்டால், தளர்ச்சியிலிருந்து மீள வாய்ப்புண்டு.