அப்லோடு வேகத்தையும் சொல்லுங்கள்

புனேயில் ஹிஞ்சேவாடி, வாகட், கராடி பக்கம் எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் இணையச் சேவை விளம்பரம் கண்ணில் படும். ‘100 எம்பிபிஎஸ்’, ‘300 எம்பிபிஎஸ்’ என்று கொட்டை எழுத்தில் இருப்பது டவுன்லோடு வேகம். அப்லோடு வேகத்துக்குப் பல விளம்பரங்களில் இடமே கிடையாது. இது சிறு விடுபடல் அல்ல. வாங்கும் பொருளில் பாதியை மறைப்பது.

வீட்டு இணையம் படம் பார்ப்பதற்கு மட்டும் என்றிருந்தவரை இது பெரிதாக உறுத்தவில்லை. 2020 மார்ச் ஊரடங்கில் புனேயின் ஐடி அலுவலகங்கள் வீட்டுக்குள் குடிவந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இன்று நம் முகம், குரல், கோப்பு, வாசல் கேமராக் காட்சி எல்லாம் வீட்டிலிருந்து வெளியே போகின்றன.

அப்லோடு குறைந்தால் அந்தக் கோளாறு நம் திரையில் தெரியாது, எதிர்முனையில்தான் தெரியும். புனேயில் ஒரு சிறுமி சென்னை ஆசிரியரிடம் காணொளி வழியே வயலின் கற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு ஆசிரியர் தெளிவாகத் தெரிகிறார். ஆசிரியருக்கோ கமகம் துண்டுதுண்டாக வந்து சேர்கிறது. “திரும்ப வாசிம்மா” என்கிறார். நன்றாகத்தானே வாசித்தோம் என்று பிள்ளை குழம்புகிறாள். “நெட் நல்லாத்தான் இருக்கு” என்று வீட்டார் சொல்வதும் பொய்யில்லை.

கணக்கும் எளிது. 2 ஜிபி கோப்பை 100 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்ப மூன்று நிமிடம்கூட ஆகாது. 5 எம்பிபிஎஸ் என்றால் ஏறத்தாழ 53 நிமிடம். அந்த நேரத்தில் வீட்டில் மற்றவர்களின் டவுன்லோடும் திணறும். வந்த தரவு சேர்ந்தது என்ற ஒப்புதல் செய்தியும் நெரிசலான அதே அப்லோடு பாதையில்தான் திரும்பிப் போக வேண்டும்.

தொலைபேசிக் கம்பியில் இணையம் வந்த ஏடிஎஸ்எல் காலத்தில் தொழில்நுட்பமே தடையாக இருந்தது. கண்ணாடி இழையில் அந்தச் சாக்கு எடுபடாது. கண்ணாடி இழை இணைப்புகளில் பரவலான ஜிபான் முறையில் சந்தாதாரர்கள் பகிர்ந்துகொள்ளும் பாதையின் கொள்ளளவு டவுன்லோடுக்கு 2.5 ஜிபிபிஎஸ், அப்லோடுக்கு 1.25. இரு வேகத்தையும் சமமாகத் தரும் திட்டங்களும் சந்தையில் உண்டு. 5ஜி வழி வரும் வீட்டு இணையத்தின் கதை வேறு. 2023 செப்டம்பரில் ஜியோ ஏர்ஃபைபர் தொடங்கிய எட்டு நகரங்களில் புனேயும் சென்னையும் இருந்தன. இங்கு 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரு திசைகளும் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன, பெரும்பங்கு டவுன்லோடுக்கே. பெயரில் ‘ஃபைபர்’ இருப்பதை நம்பி வாங்குபவருக்கு இந்த வேறுபாட்டை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

இந்திய அரசின் இலக்கணமும் ஒருகண் பார்வைதான். 2013இல் 512 கேபிபிஎஸ், 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் என்று அகலக்கற்றையின் குறைந்தபட்ச டவுன்லோடு வேகம் வரையறுக்கப்பட்டது. இரண்டு முறையும் அப்லோடு பற்றிப் பேச்சில்லை. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி 2015இல் டவுன்லோடு 25, அப்லோடு 3 எம்பிபிஎஸ் என்றும், 2024இல் 100, 20 என்றும் இரண்டையும் சேர்த்தே வரையறுத்தது.

தொலைத்தொடர்புத் துறை தன் வரையறையில் குறைந்தபட்ச அப்லோடு வேகத்தைச் சேர்க்க வேண்டும். விளம்பரத்திலும் பில்லிலும் இரண்டு எண்களும் ஒரே அளவு எழுத்தில் வர தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஆணையிட வேண்டும். அதுவரை, நிறுவனங்களுக்குக் கேபிள் இழுக்க அனுமதி தரும் புனேயின் குடியிருப்புச் சங்கங்கள் அப்லோடு வேகத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடட்டும்.