பிளக் பொருந்தினால் போதுமா?

மாணவர்களே, அமெரிக்காவில் வீடுபோல் அமைந்த சுற்றுலா வண்டிகளின் கூரையில் ஏர்கண்டிஷனர் உண்டு. வண்டியின் 30 ஆம்பியர் பிளக்கை வீட்டின் 15 ஆம்பியர் சாக்கெட்டில் செருக அடாப்டர் விற்கிறார்கள். பொருந்திவிட்டால் போதுமென்று நம்புவதுதான் ஆபத்து. 120 வோல்ட்டில் அந்த இயந்திரம் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். 1.3 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியுள்ள 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயரின் மின்தடை, போக வர, ஏறத்தாழ 0.8 ஓம். மின்னோட்டத்தின் இருமடியை அதனால் பெருக்குங்கள்: 135 வாட் வெப்பம்! ஒயரைச் சுருட்டி வைத்தாலோ வெப்பம் வெளியேறாது, உறை இளகும். சர்க்யூட் பிரேக்கர் காக்காதா? அதன் கணக்கில் 13 ஆம்பியர் குற்றமே அல்ல! நான்கு மடங்கு குறுக்குப்பரப்புள்ள ஒயரில் வெப்பம் 34 வாட்தான். விலை கூடுதல்தான், ஆனாலும் அடாப்டருடன் அதையும் சேர்த்தே விற்க வேண்டும் என்பேன்.