ஒன்று இரண்டாகும் விபத்து

புரோகிராம் எழுதக் கற்பவர்கள் முதலில் மனப்பாடம் செய்யும் டிசைன் பேட்டர்ன்களில் ஒன்று சிங்கிள்டன். பத்துப் பன்னிரண்டு வரிகளில் முடிந்துவிடும். ஆனால் அனுபவசாலிகளே இடறி விழுந்ததும் இந்தப் பத்து வரிகளில்தான்.

எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் ஆகிய நால்வரும் 1994ல் வெளியிட்ட ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகம், சாஃப்ட்வேரில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் சிக்கல்களுக்கு 23 தீர்வுகளைத் தொகுத்தது. அதில் ஒன்று சிங்கிள்டன். ஒரு கிளாஸிலிருந்து எத்தனை ஆப்ஜெக்ட் வேண்டுமானாலும் உருவாக்கலாம் என்பது பொது விதி. ஆனால் ரசீதுக்கு வரிசை எண் போடும் ஆப்ஜெக்ட் இரண்டு இருந்தால்? இரண்டுமே 101 என்று எண் கொடுக்கும். மாலையில் கணக்கு இடிக்கும்.

தடுக்கும் வழி எளிது. ஜாவாவில் கன்ஸ்ட்ரக்டரை பிரைவேட் ஆக்கிவிட்டால் வெளியிலிருந்து யாரும் ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாது. கேட்பவர்களுக்கு கிளாஸே ஒரு ஸ்டாடிக் மெத்தட் மூலம் எடுத்துக் கொடுக்கும். ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்கும், இல்லையென்றால்தான் உருவாக்கும்.

ஓட்டை அந்தப் பார்வையில் இருக்கிறது. இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் பார்த்தால் இரண்டுக்குமே ‘இல்லை’ என்று படலாம். ஆளுக்கொன்று உருவாகிவிடும். பூட்டுப் போட்டால் சரியாகும்; ஆனால் ஒவ்வொரு முறையும் பூட்டைத் திறக்கும் செலவு. அதை மிச்சம் பிடிக்க, பூட்டுக்கு வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை என்று சோதிக்கும் தந்திரம் பரவியது. அதுவும் காலை வாரியது. முழுதாகத் தயாராகாத ஆப்ஜெக்ட் இன்னொரு த்ரெட்டின் கையில் சிக்கியது. 2004ல் ஜாவா 5 மெமரி விதிகளைத் திருத்திய பிறகே, அதுவும் வேரியபிளை ‘வாலடைல்’ என்று அறிவித்தால் மட்டுமே, தந்திரம் பலித்தது. ஒரே உறுப்புள்ள ‘ஈனம்’ போதும் என்று பின்னர் சுருக்குவழி காட்டினார் ஜோஷுவா பிளாக்.

இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய ‘ஒன்று’கூட, ஓடும் ஒரு புரோகிராமுக்குள் மட்டும்தான். இரண்டாவது சர்வர் வந்ததும் ரசீது 101 மறுபடி இருவர் கையில். எண் கொடுக்கும் பொறுப்பை டேட்டாபேஸிடம் ஒப்படைப்பதே முறை. மற்ற இடங்களில், தொடக்கத்தில் ஒரு ஆப்ஜெக்டை உருவாக்கி, வேண்டியவர்களிடம் கொடுத்தாலே போதும். சோதித்துப் பார்ப்பதும் சுலபம்.

பட்டியலிலிருந்து சிங்கிள்டனை எடுத்துவிடலாம் என்று 2009ல் ஒரு பேட்டியில் சொன்னவர் வேறு யாருமல்ல, எரிக் காமாவேதான்.